எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்

பாங்காக்கில் தெருவோரக் கடையின் மேசை நான்கு பேருக்கானது. மடக்குக் கால், தகரப் பலகை, சுற்றி நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல். அப்படி ஆறு மேசை போட்டிருந்தால் அது ஓரளவு பெரிய கடை. அதில் இரண்டு மேசையை என் விருந்தினர்கள் பிடித்துக்கொண்டால், மீதி நான்கில் அந்தத் தெருக்காரர்கள் உட்காரலாம். மூன்றாவதையும் பிடித்தால், தினமும் அங்கே சாப்பிடும் தையல்காரரும் வங்கிக் காவலாளியும் வெயிலில் காத்து நிற்க நேரும். ஆகவே நான் வழிகாட்டியாக நடத்தும் உணவு நடையில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

பன்னிரண்டு பேராக்குங்கள், பதினைந்து பேராக்குங்கள் என்று கேட்காத பயண முகவர் இல்லை. அவர்களுடைய கணக்கு எனக்குப் புரிகிறது. ஒரே வழிகாட்டி, ஒரே நான்கு மணி நேரம்; தலை கூடினால் வரவு கூடும். ஆனால் அந்தக் கணக்கில் கடைக்காரர் எங்குமே இல்லை. சரோன் க்ருங் சாலையின் ஒரு சந்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர், ஒரு காலத்தில் எந்தக் குழு வந்தாலும் சிரித்த முகத்தோடு வரவேற்றவர். ஒருநாள் நண்பகல் நெரிசலில் இருபது பேர் கொண்ட குழு ஒன்று வந்து உட்கார்ந்தது. ஐந்து கிண்ணம் மட்டும் வாங்கி, ஆளுக்கு ஒரு வாய் சுவைத்து, முக்கால் மணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போனது. அலுவலக இடைவேளையில் வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் முதல் அந்த அம்மாள் குழுக்களுக்கு இடம் இல்லை என்று சொல்லத் தொடங்கினார். என் குழுவையும் சேர்த்துத்தான். அவரிடம் மீண்டும் இடம் பெற எனக்கு நெடுநாள் ஆயிற்று. விருந்தினர் யாரும் இல்லாமல் தனியாகப் போய்ச் சாப்பிட்டு, காசு கொடுத்து, வந்துகொண்டே இருந்தேன். அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

நான் பிறந்தது பாங் ரக் பகுதியில். அம்மாவின் வீட்டார் தியோச்சியூ சீனர் வழி வந்த தாய்லாந்துக்காரர்கள். அப்பா தமிழர். பள்ளிப் படிப்பில் சில ஆண்டுகள் காரைக்குடியில் அத்தை வீட்டில் இருந்து படித்ததால் தமிழ் எழுத வந்தது. தாய்லாந்துச் சட்டப்படி வழிகாட்டித் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உரிமம் பெற்று, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும். ஊரிலிருந்து வரும் தமிழர்கள் பலர் நானும் அங்கிருந்து வேலைக்கு வந்தவன் என்றே நினைக்கிறார்கள். ஆகவே இதைச் சொல்லிவைக்கிறேன்.

பயணிகள் பாங்காக்கில் தெருச்சாப்பாடு என்றாலே சீனர் பகுதியான யாவராத் சாலைக்குப் போகிறார்கள். நல்ல இடம்தான். இரவில் அந்த வெளிச்சத்தையும் கூட்டத்தையும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நான்கு மணி நேரத்தில் ஒரு ஊரின் சாப்பாட்டைப் புரிந்துகொள்ள விரும்புகிறவரை நான் பாங் ரக்குக்கு, அதுவும் காலையில் அழைத்துப் போவேன். காரணம் அதன் வழியே போகும் சாலை. நான்காம் ராமா மன்னர் மோங்குட்டின் காலத்தில், குதிரை வண்டி ஓட்ட நல்ல சாலை வேண்டும் என்று வெளிநாட்டுத் தூதர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் போடப்பட்டது சரோன் க்ருங். 1864-இல் முடிந்தது. அதுவரை கால்வாய்களில் படகில் போய்க்கொண்டிருந்த நகரம் அதற்குப் பிறகுதான் சாலையோரத்துக்கு ஏறி வந்தது. ஆற்றங்கரையில் தூதரகங்களும் கிடங்குகளும் ஓரியண்டல் ஓட்டலும் கத்தோலிக்கப் பேராலயமும் இருந்தன. வேலைக்கு வந்தவர்கள் தியோச்சியூ சீனர், ஹைனான் தீவினர், ஜாவா முஸ்லிம்கள், குஜராத்தி வணிகர், தமிழர். எல்லோருக்கும் பசித்தது. ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ச் சாப்பாட்டை அங்கே விற்றார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் பன்றிக்கஞ்சி, வாத்து வறுவல், பிரியாணி, தேங்காய்ப்பால் பலகாரம் என்று கிடைப்பது அதனால்தான். விருந்தினருக்கு இதை நான் ஒரே மூச்சில் சொல்வதில்லை. சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது கொஞ்சம், கோயில் மதிலோர நிழலில் கொஞ்சம் என்று பிரித்துச் சொல்வேன். தட்டு முன்னால் வந்தபின் பேச மாட்டேன்.

நடைக்கு முதல்நாள் வேலைதான் அதிகம். யார் யார் வருகிறார்கள், எதைச் சாப்பிட மாட்டார்கள், எது ஒவ்வாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பேன். "எல்லாம் சாப்பிடுவோம்" என்று ஒருவர் குடும்பத்துக்கே சேர்த்துப் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அவருடைய மாமியாரிடமும் கேட்பேன். இறால் ஒவ்வாமையும் வேர்க்கடலை ஒவ்வாமையும் தாய்லாந்துச் சமையலில் விளையாட்டில்லை. இறாலை நொதிக்கவைத்துச் செய்யும் கப்பி என்னும் விழுது மிளகாய்த் துவையலிலும் குழம்புக்கு அரைக்கும் மசாலாவிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நாம் பிளா என்னும் மீன் சாறு அதைவிடப் பரவலானது. நெத்தலி போன்ற சிறு மீனை உப்பில் போட்டு ஓராண்டுக்கும் மேலாக ஊறவைத்து இறக்குவது. இங்கே உப்பு என்றாலே அதுதான். காய்கறி வதக்கலிலும் இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டிலும் இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடுவழியில் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "தம்பி, உண்மையைச் சொல்லுங்க. நீங்க எனக்கு வாங்கிக் கொடுத்ததுல மீன் வாடை ஏதாவது பட்டிருக்கா?" படவில்லை. முதல்நாளே அவருக்காகத் தனி வாணலியில் செய்யச் சொல்லியிருந்தேன். செய்தபோது பக்கத்தில் நின்றும் பார்த்தேன். அப்படியே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சைவம் சாப்பிடுகிறவர் வெளிநாட்டில் ஒவ்வொரு வாய்க்கும் படும் அச்சத்தை நான் காரைக்குடி அத்தையிடம் பார்த்திருக்கிறேன். பாங்காக்குக்கு வந்திருந்த நாளெல்லாம் அவர் வாழைப்பழமும் பாலுமாகவே இருந்தார். அந்த நிலை என் விருந்தினர் யாருக்கும் வரக் கூடாது.

தமிழ்நாட்டுச் சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 'மங்சவிராட்' என்று கேட்டால் இறைச்சி இருக்காது. முட்டை இருக்கலாம், மீன் சாறும் தப்பி விழலாம். 'ஜே' என்று கேளுங்கள். அது சீன பௌத்த வழக்கப்படியான நோன்புச் சாப்பாடு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்க மாட்டார்கள். சைவத்தில் மிகக் கண்டிப்பானவரும் நம்பிச் சாப்பிடலாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருந்தால் அது ஜே கடை.

அந்தக் கொடிகள் சரோன் க்ருங் முழுக்கப் பறக்கும் ஒன்பது நாட்கள் உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாட்கள் அவை. பெரும்பாலான ஆண்டுகளில் நம் நவராத்திரியும் ஏறத்தாழ அதே நாளில்தான் தொடங்குகிறது. சிலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் 1879-இல் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒருபக்கம் சீனக் கோயில்களில் நோன்பு. கூப்பிடு தூரத்தில் அம்மனுக்கு ஒன்பது இரவு வழிபாடு. விஜயதசமி இரவில் சிலோம் சாலையை மூடிவிடுவார்கள். சாலையின் இருபுறமும் தாய்லாந்துக்காரர்கள் செவ்வந்தி மாலையும் பழமும் தேங்காயும் வைத்து மேடை போட்டுக் காத்திருப்பார்கள். தேர் வரும்போது தேங்காய் உடையும். கூட்டத்தில் தமிழர்கள் சிறு பகுதிதான். மற்றவர்கள் தாய்லாந்துக்காரர்களும் சீன வழியினரும். அம்மாவின் தாயார் அந்த ஒன்பது நாளும் ஜே நோன்பு இருப்பார். பத்தாம் நாள் இரவு செவ்வந்தி மாலையோடு என்னையும் கூட்டிக்கொண்டு தேர் பார்க்க நிற்பார். இரண்டும் வேறு வேறு சமயம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த நாட்களில் சைவ விருந்தினரை அழைத்து நடப்பதுதான் என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. மறைத்துக் கேட்க வேண்டியதில்லை, தனி வாணலி வேண்டியதில்லை. தெருவே அவர்களுக்காகச் சமைத்துவைத்திருக்கும்.

மற்ற நாட்களில் நடை ஜோக்கில் தொடங்கும். ஜோக் என்பது அரிசிக் கஞ்சி. நொய்யரிசியை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, பருக்கை தெரியாமல் கரைந்தபின், அரைத்த பன்றி இறைச்சி உருண்டைகளைப் போட்டு வேகவைப்பார்கள். கிண்ணத்தில் ஒரு பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, அதன் மேல் கொதிக்கும் கஞ்சியை வார்த்து, இஞ்சிக் கீற்றும் வெங்காயத்தாளும் தூவுவார்கள். பழைய பிரின்ஸ் திரையரங்குச் சந்தின் முனையில் இருக்கும் 'ஜோக் பிரின்ஸ்' இதில் பேர் பெற்றது. அந்தக் கஞ்சியில் இலேசான தீய்ந்த மணம் இருக்கும். அடிப்பிடித்துவிட்டது என்று முதலில் நினைப்பவர்கள் உண்டு. அந்த மணத்துக்காகவே ஊரின் மறுகோடியிலிருந்து வருகிறவர்களும் உண்டு. வெறும் வயிற்றில் முதலில் இறங்க வேண்டியது காரமில்லாத, சூடான, மெத்தென்ற ஒன்று. காரத்தில் தொடங்கினால் இரண்டாவது கடையிலேயே விருந்தினர் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்வார். பிறகு அவருக்கு எதையும் கொடுக்க முடியாது.

அடுத்து கனோம் குரோக். தமிழ் விருந்தினர்கள் கடையை எட்டிப் பார்த்ததுமே "அட, குழிப்பணியாரம்!" என்பார்கள். கல் அதேதான்: வார்ப்பிரும்பில் குழிகள். மாவுதான் வேறு. அரிசி மாவில் தேங்காய்ப்பால் கலந்து முதலில் ஊற்றுவார்கள். ஓரம் பிடித்ததும் உப்பும் சர்க்கரையும் சேர்த்த கெட்டித் தேங்காய்ப்பாலை நடுவில் ஊற்றி மூடுவார்கள். அடி மொறுமொறுப்பாகவும் நடு தளதளவென்றும் இருக்கும்போதே எடுத்து, இரண்டு அரையை ஒன்றோடொன்று கவிழ்த்துக் கொடுப்பார்கள். திருப்பிப் போடும் வழக்கம் இல்லை. மேலே வெங்காயத்தாள் தூவியதை முதலில் எடுங்கள் என்பேன். இனிப்புப் பலகாரத்தில் வெங்காயத்தாளா என்று தயங்குகிறவர்கள் சாப்பிட்டபின் இன்னொன்று கேட்பார்கள். நான் போகும் கடைக்காரப் பாட்டி கரி அடுப்பைத்தான் வைத்திருக்கிறார். எரிவாயுவுக்கு மாறினால் ஒரே நேரத்தில் மூன்று கல் போடலாம் என்று மகன் சொல்லிப் பார்த்தார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் அது சரியென்றே படுகிறது. கரி அடுப்பில் சூடு அடியிலிருந்து மெல்லப் பரவுகிறது. எரிவாயுவில் நடுக்குழி கருகி ஓரக்குழி வெளுத்துப்போகும்.

வாத்துக் கடையில் அதிக நேரம் இருப்பதில்லை. 'பிரசாக்' நூறாண்டுக்கும் மேலாக அதே சாலையில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் தொங்கும். சோற்றின் மேல் துண்டுகளை அடுக்கி, மேலே குழம்பூற்றித் தருவார்கள். தோல் நல்ல பதத்தில் இருக்கும் காலை நேரத்தில் போய்விட வேண்டும், அவ்வளவுதான் சொல்வதற்கு. சிலோம் முனைக்கு அருகே 'முஸ்லிம் ரெஸ்டாரண்ட்' என்றே பேர் கொண்ட பழைய கடை ஒன்று இருக்கிறது. அங்கே பிரியாணி. தாய்லாந்தில் இதை காவ் மோக் என்கிறார்கள். மஞ்சள் கலந்த சோறு, மேலே பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயம்; புதினாவும் பச்சைமிளகாயும் அரைத்து, புளிப்பும் இனிப்புமாகச் செய்த பச்சைச் சட்னி பக்கத்தில். நம் ஊர்ப் பிரியாணியோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறவர்களிடம் அந்தச் சட்னியோடு சேர்த்து இன்னொரு வாய் சாப்பிடச் சொல்வேன். வெள்ளிக்கிழமை என்றால் ஹரூன் பள்ளிவாசல் சந்துக்கும் போவோம். தொழுகைக்கு வருகிறவர்களுக்காக அன்று அங்கே கடைகள் போடுவார்கள்.

நடையின் உயிர்நாடி முன்பு சொன்ன அம்மாளின் நூடுல்ஸ் கடைதான். அங்கே மட்டும் நான் அவசரப்படுவதில்லை. காலை பத்தரைக்கு, அலுவலகக் கூட்டம் வருமுன், இரண்டு மேசை. முதலில் எல்லோரையும் அடுப்பருகே நிற்கவைப்பேன். அண்டாவில் பன்றி எலும்பும் வெள்ளை முள்ளங்கியும் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு மூன்றையும் இடித்துப் போட்டிருப்பார்கள். தாய்லாந்துச் சமையலின் அடித்தளம் அந்த மூன்றும்தான். நம் வீடுகளில் கொத்தமல்லி வேரைக் கிள்ளி எறிந்துவிடுகிறோம்; இங்கே இலையைவிட வேர்தான் மதிப்பு. பிறகு நூடுல்ஸ்: அகலமானது, மெல்லியது, சேமியாபோல் இன்னும் மெல்லியது, முட்டை சேர்த்த மஞ்சள் நிறத்தது. குழம்போடா, உலர்வாகவா என்று ஒவ்வொருவரும் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். இரண்டு தாய்லாந்துச் சொற்களை நான் கற்றுக்கொடுத்துவிட்டு விலகி நிற்பேன். அந்த அம்மாள் நீண்ட பிடி போட்ட வலைக்கரண்டியில் நூடுல்ஸை எடுத்து, கொதிநீரில் முக்கி, சில நொடியில் உதறிக் கிண்ணத்தில் கவிழ்ப்பார். அவர் கை நின்று நான் பார்த்ததில்லை.

கிண்ணம் வந்ததும் தாய்லாந்துக்காரர் செய்யும் முதல் வேலை, குழம்பை வெறுமனே ஒரு கரண்டி சுவைப்பது. மேசை நடுவில் நான்கு கிண்ணிகள் இருக்கும்: சர்க்கரை, வறுத்துப் பொடித்த மிளகாய், மிளகாய் நறுக்கிப் போட்ட மீன் சாறு, மிளகாய் ஊறிய காடி. சமையல்காரர் இனிப்பு, காரம், உப்பு, புளிப்பு நான்கையும் ஓர் எல்லை வரை கொண்டுவந்து நிறுத்துகிறார். மீதியைச் சாப்பிடுகிறவர் முடித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்வதால் யாருக்கும் அவமரியாதை இல்லை. நம்மவர்கள் உடனே மிளகாய்ப் பொடிக்குப் போவார்கள். காடியில் தொடங்குங்கள் என்பேன். அரைக் கரண்டி காடி, கால் கரண்டி சர்க்கரை, பிறகுதான் காரம். நூடுல்ஸில் சர்க்கரையா என்று முகம் சுளித்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர், போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்று தன் வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்தார். மேசைக்குப் பின்னாலிருந்த கடைக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. நான் மொழிபெயர்க்கவும் இல்லை.

பணம் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கிண்ணம் ஐம்பது, அறுபது பாட். நான்கு மணி நேரத்தில் பல கடைகளில் சாப்பிட வேண்டியிருப்பதால் விருந்தினரால் முழுக் கிண்ணம் சாப்பிட முடியாது. மீதம் வைத்தால் சமைத்தவருக்கு வருத்தம். பங்கு போட்டால் கடைக்கு நட்டம். நான் கடைகளோடு பேசி வைத்திருக்கும் ஏற்பாடு: பாதிக் கிண்ணம், முக்கால் விலை, உட்காரும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. எட்டுப் பேர் உட்கார்ந்தால் எட்டுக் கிண்ணம். அன்றன்றே பணம். கடைகளிடமிருந்து தரகு வாங்குவதில்லை. தரகு வாங்கும் வழிகாட்டி, தரகு கொடுக்கும் கடைக்குத்தான் போக முடியும். நன்றாகச் சமைக்கிற கடைக்குத் தரகு கொடுக்க வேண்டிய தேவை இருக்காது. இந்தத் தொழிலில் இதற்கு இரண்டாம் கருத்து இருக்க முடியாது என்பது என் முடிவு.

சுத்தம் பற்றிக் கேட்காத விருந்தினர் இல்லை, கேட்பது நியாயம். மேசை பளபளப்பை நான் பார்ப்பதில்லை. சரக்கு எவ்வளவு விரைவில் தீர்கிறது, காசு வாங்கும் கையும் சமைக்கும் கையும் வேறு வேறா, சமைத்தது சூட்டிலேயே இருக்கிறதா, கழுவும் தண்ணீரை எத்தனை முறை மாற்றுகிறார்கள் என்று பார்ப்பேன். பனிக்கட்டியைப் பலர் அஞ்சுகிறார்கள். நடுவில் துளையிட்ட உருளைக் கட்டிகள் தொழிற்சாலையில் குடிநீரில் செய்யப்பட்டு மூட்டையில் வருகிறவை. நான் குடிப்பேன், கொடுப்பேன். பெரிய பாளத்திலிருந்து உடைத்த கட்டி என்றால் தவிர்த்துவிடுவேன். கழிப்பறை எங்கெங்கே என்பதும் என் வரைபடத்தில் உண்டு.

2017 டிசம்பரில் மிஷலின் வழிகாட்டியின் முதல் பாங்காக் பதிப்பு வந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் பொரிக்கும் ஜே ஃபாய்க்கு ஒரு நட்சத்திரம் கிடைத்ததை உலகமே பேசியது. தெருச்சமையலுக்குக் கிடைத்த அந்த மதிப்பை நான் மனமார வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். ஆனால் பட்டியலில் பேர் வந்த சிறு கடைகளின் முன் வரிசை நீண்டபோது, தினமும் வந்த பக்கத்து வீட்டுக்காரர்களால் காத்து நிற்க முடியவில்லை. ஆகவே பட்டியலில் இடம்பெற்ற கடைகளை என் நடையில் குறைத்துக்கொண்டேன். போனாலும் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போவேன். அதே ஆண்டு ஏப்ரலில்தான், தெருவோரக் கடைகளை நடைபாதையிலிருந்து அகற்றப்போவதாக மாநகராட்சி அறிவித்திருந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், யாவராத்திலும் காவ் சான் சாலையிலும் கடைகள் தொடரும் என்று விளக்கம் வந்தது. எங்கள் சந்துக்காரர்கள் அந்த மாதங்களில் தூக்கமில்லாமல் இருந்தார்கள். சிலர் வண்டியை விட்டுவிட்டு வீட்டு முன்கட்டுக்குள் அடுப்பை நகர்த்தினார்கள். இடமில்லாதவர்கள் போய்விட்டார்கள்.

பிறகு கொரோனா. 2019-இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 4 கோடி. 2020 ஏப்ரலில் பயணிகள் விமானங்கள் நின்றதும் என் தொழில் ஒரே நாளில் இல்லாமல் போனது. கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டவரை மட்டும் நம்பி விலையை ஏற்றி, ஆங்கிலப் பலகை மாட்டியிருந்த கடைகள் முதலில் மூடின. தையல்காரருக்கும் காவலாளிக்கும் சமைத்துக்கொண்டிருந்த கடைகள், மேசையை எடுத்துவிட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துத் தாக்குப்பிடித்தன. நூடுல்ஸ் அம்மாளுக்கு அந்த நாட்களில் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டுப் பேர் என்ற வரம்பு அதற்கு முன்பு எனக்கு மரியாதை சார்ந்த விஷயமாக இருந்தது. அதன்பின் அது கடை உயிர் பிழைக்கும் விஷயமும் ஆனது. ஒரு தெருக்கடையின் வரவில் பெரும் பங்கு என் போன்றவர்கள் மூலம் வந்தால், அந்தக் கடைக்கு நாங்கள் நன்மை செய்யவில்லை.

இளைஞர்கள் சிலர் என்னுடன் நடந்து தொழில் பழகுகிறார்கள். கதை சொல்வதை எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளக் கடினமாக இருப்பது கடைக்காரரோடு நடந்துகொள்ளும் முறை. பெரியவரை 'லுங்' என்று மாமாவாகவும், அம்மாளை 'பா' என்று பெரியம்மாவாகவும் அழைத்து, கும்பிட்டு, அன்று அவருடைய முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் விருந்தினரை உள்ளே அழைக்க வேண்டும். அவர் முன்னிலையில் அவரைப் பற்றி அவருக்குப் புரியாத மொழியில் விளக்கம் சொல்லக் கூடாது. விருந்தினருக்குக் கேள்வி இருந்தால் அவரிடமே கேட்டு, அவர் பதிலைச் சொல்ல வேண்டும். படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் காரணம் கேட்கக் கூடாது. கனோம் குரோக் பாட்டி ஒருநாள் ஒரு பயிற்சி வழிகாட்டியிடம், "இந்த ஆட்கள் பசியோடு வந்திருக்கிறார்களா, பார்க்க வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். பசியோடுதான், பாட்டி என்று அவள் சொன்னாள். "அப்படியானால் உட்காரச் சொல்."

பாங்காக்குக்கு வரும் தமிழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. என்னோடு வந்தாலும் வேறு வழிகாட்டியோடு வந்தாலும், எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். எட்டுக்கு மேல் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விடுதியில் காலைச் சிற்றுண்டி சாப்பிடாமல் வாருங்கள். சைவமா, ஒவ்வாமை உண்டா என்பதை முதல்நாளே சொல்லுங்கள். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். அறுபது பாட் கிண்ணத்துக்குப் பேரம் பேசாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து இடம் கொடுங்கள். பிடித்த கடைக்கு மறுநாள் வழிகாட்டி இல்லாமல் நீங்களே போங்கள். அவர்கள் உங்கள் முகத்தை நினைவு வைத்திருப்பார்கள். மாம்பழமும் ஒட்டரிசியும் சாப்பிட மார்ச் முதல் மே வரை வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்; தெருவோரக் கடைகள் பலவற்றுக்கு அன்றுதான் ஓய்வு.